கொடுமணலிலிருந்து கீழடிக்கு: கல்மணிகள் வந்த வழியைக் கணினியில் தேடுவது எப்படி?

மதுரையைச் சுற்றி எந்தக் கரட்டில் ஏறினாலும் காலில் தட்டுப்படுவது கிரானைட்டும் நைஸ் (gneiss) என்ற வரிப்பாறையும்தான். நடுநடுவே வெள்ளைக் கோடாக வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) ஓடியிருக்கும். சூதுபவளம் என்ற சிவப்புக் கல் இந்த மண்ணில் விளையாது. ஆனாலும் கீழடிக் குழிகளில் சூதுபவள மணிகளும், அகேட் என்ற வரிக்கல்லில் செய்த மணிகளும் கிடைத்திருக்கின்றன. 2023 அகழாய்வில் படிகக்கல்லில் செய்த 8 கிராம் எடைக்கல் ஒன்றும் வெளிவந்தது. யாரோ எங்கிருந்தோ சுமந்து வந்திருக்கிறார்கள். எந்த வழியாக வந்தார்கள் என்பதுதான் கேள்வி.

வீட்டுக் கணினி, இலவச மென்பொருள், இணையத்தில் கிடைக்கும் உயரத் தரவு, இவற்றை வைத்தே இந்தக் கேள்வியைக் கொஞ்ச தூரம் துரத்த முடியும். இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்கொண்ட உதாரணம், நொய்யல் கரையில் ஈரோடு மாவட்டத்திலுள்ள கொடுமணலிலிருந்து வைகைக் கரைக் கீழடிக்கு ஒரு பாதை. கொடுமணலில் மணி செய்யும் தொழில் நடந்ததற்குச் சான்று ஏராளம்: அரைகுறையாக உடைந்த மணிகள், துளை போடாத மணிகள், கழிவுச் சில்லுகள். பச்சைக்கல் கிடைத்தது அருகிலுள்ள படியூரில், நீலக்கல் சிவன்மலையில். சூதுபவளமும் அகேட்டும் குஜராத், மகாராஷ்டிரம் பக்கமிருந்து வந்தவை என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அதாவது கொடுமணல் அந்தக் கல்லுக்கு ஊற்று இல்லை, இடைநிலைப் பட்டறை.

இது இரும்புக்காலத்தின் கடைசியும் வரலாற்றுக்காலத் தொடக்கமும் சேர்ந்த பொழுது. இன்னும் பின்னால் போய்ப் புதிய கற்காலக் கோடரிகளைத் தொடர விரும்புகிறவர்களுக்கும் முறை இதுதான். பெல்லாரி அருகே சங்கனகல்லுவில் டோலரைட் கல்லை வெட்டிக் கோடரி செய்த பட்டறை மலையே இருக்கிறது. கிளம்பும் இடம் அப்படித் தெளிவாகத் தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

படி 1: முதலில் கல், அப்புறம்தான் கணினி

பலர் நேராக மென்பொருளைத் திறந்து கோடு போடத் தொடங்கிவிடுகிறார்கள். கல்லின் ஊற்று எது என்று தெரியாமல் போடுகிற கோட்டுக்கு மதிப்பே இல்லை.

கண்ணால் பார்த்து ஊற்றைச் சொல்ல முடியாது. சூதுபவளத்தின் சிவப்பே பெரும்பாலும் சூடேற்றி வரவழைத்தது. நிறத்தை நம்பி இடத்தைச் சொன்னால் ஏமாறுவோம். வெங்கச்சங்கல்லோ தமிழ்நாடு முழுக்கக் கிடக்கிறது. ஊற்றைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. கல்லை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பது. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் வேதிக்கூறு பார்ப்பது. லேசரால் துளி அளவு ஆவியாக்கி நுண்தனிமங்களை அளப்பது. கடைசி முறைதான் சூதுபவளத்துக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. மூன்றுமே ஆய்வகத்து வேலை, நம்மால் ஆகாது. அதனால் அகழாய்வு அறிக்கைகளில் வந்த முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஊற்று ‘உறுதி’, ‘ஊகம்’, ‘தெரியாது’ என்று ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். கீழடிப் படிக எடைக்கல் மூன்றாவது கட்டத்தில்தான் வரும். கொடுமணலில் படிக வேலை நடந்தது என்பதற்காக அதை அங்கிருந்து வந்ததாக எழுதிவிடக்கூடாது.

படி 2: தரவு சேர்ப்பது

மென்பொருள் க்யூஜிஐஎஸ் (QGIS), வரைபடத் தரவை அலசும் இலவச மென்பொருள். நிறுவும்போது கிராஸ் (GRASS) என்ற துணைத் தொகுப்பும் சேர்ந்து இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதை கணக்கிடும் வேலையைச் செய்வது அதுதான்.

உயரத் தரவுக்கு மூன்று இடங்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம், ஐரோப்பியர்களின் கோப்பர்நிக்கஸ், நம் இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோசாட் உயரத் தரவு. மூன்றுமே நிலத்தைச் சுமார் 30 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் உயரம் தருபவை. நான் கோப்பர்நிக்கஸைத்தான் பரிந்துரைப்பேன், சமவெளியில் இரைச்சல் (தாறுமாறான சிறு பிழைகள்) குறைவு. எது எடுத்தாலும் கருவி பார்த்தது தரையை மட்டுமல்ல, மரத்தின் உச்சியையும் கட்டடத்தையும் சேர்த்துத்தான். மதுரை நகரமே ஒரு மேடு போலத் தெரியும்.

வடக்கு 9 முதல் 11.5 பாகை, கிழக்கு 77 முதல் 79.25 பாகை வரை வெட்டி எடுத்தால் கொடுமணல், பழனி மலை, சிறுமலை, கீழடி, வைகை முகத்துவாரத்து அழகன்குளம் எல்லாம் உள்ளே வந்துவிடும். 30 மீட்டரில் இது ஏழு கோடிக்கு மேற்பட்ட கட்டம். சாதாரண மடிக்கணினி திணறிப்போகும். முதலில் 90 மீட்டராகக் குறைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, கணவாய்ப் பகுதிகளை மட்டும் பிறகு 30 மீட்டரில் ஓட்டலாம்.

பாறை வகைக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளம். பழைய ஊர்ப்பெயர், ஓடை, கண்மாய்க்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்கள். தாளில் திடல், மேடு, பொட்டல், நத்தம் என்று முடியும் இடப்பெயர்களைத் தனி லேயராக (வரைபட அடுக்காக) குறித்து வையுங்கள். கீழடியில் தோண்டிய இடத்தின் பெயரே பள்ளிச்சந்தைத் திடல்தான்.

படி 3: மண்டல எல்லைச் சிக்கல்

மதுரைக்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. உலகை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் (UTM) வரைபட முறையில் 78 பாகைக்கு மேற்கே 43ஆம் மண்டலம், கிழக்கே 44ஆம் மண்டலம். மதுரை 78.1இல் உட்கார்ந்திருக்கிறது. கொடுமணலும் தேனியும் 77.5 பக்கம். அதாவது நம் பாதை மண்டல எல்லையைத் தாண்டிப் போகிறது. இரண்டாகப் பிரிக்க வேண்டாம். எல்லாவற்றையும் 44ஆம் மண்டலத்துக்கே, அதாவது மென்பொருளில் ஈபிஎஸ்ஜி (EPSG) 32644 என்ற எண்ணில் இருப்பதற்கு மாற்றிவிடுங்கள். மேற்கு ஓரத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 2 மீட்டர் பிழை வரும். நம் வேலைக்கு அது ஒன்றுமே இல்லை.

மாற்றும்போது மறுமாதிரி முறை (resampling) என்ற இடத்தில், அக்கம்பக்கக் கட்டங்களைக் கலந்து கணக்கிடும் பைலீனியரை (bilinear) தேர்ந்தெடுங்கள். இயல்பாக வரும் ‘அருகிலுள்ள மதிப்பு’ முறையை மாற்றாமல் வைத்திருந்தால் சமவெளி முழுக்கப் படிக்கட்டு மாதிரிக் கோடுகள் விழுந்து இல்லாத சரிவுகள் முளைக்கும்.

படி 4: இன்றைய நிலத்தை அழிப்பது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கணினிக்கு 1895ஆம் ஆண்டும் தெரியாது, கிமு 500உம் தெரியாது.

வைகை அணை 1959இல் வந்தது. அதன் நீர்ப்பரப்பு உயரத் தரவில் கண்ணாடி போல் தட்டையாக இருக்கும். மென்பொருள் அதை அருமையான நடைபாதை என்று எடுத்துக்கொண்டு நீர்மேல் நடந்து போகும். கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் கேரளக் கரைக்குப் பாதை தேடுகிறவர்கள் இதில் கட்டாயம் மாட்டுவார்கள். தேக்கத்துக்குள் பழைய ஆற்றின் போக்கைப் பழைய தாளில் பார்த்து வரைந்து, அந்த இடத்தின் உயரத்தைத் திருத்த வேண்டும்.

அடுத்தது பெரியாறு. மேற்கே ஓடிய தண்ணீரைச் சுரங்கம் வழியாக வைகைக்குத் திருப்பியது 1895இல். இன்று வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர் பக்கம் பார்க்கும் பச்சைப் பரப்பில் பெரும்பங்கு அதற்குப் பிந்தையது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ‘இங்கே தண்ணீர் உண்டு’ என்று மதிப்புக் கொடுத்தால், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் நடந்தவருக்கு வைகைப் பேரணையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

மேலூர், கீழவளவு பக்கம் கிரானைட் குவாரிகள் குன்றுகளையே அறுத்து எடுத்திருக்கின்றன. தரவில் குழியாகத் தெரிகிற இடம் முன்பு மலை. நான்குவழிச் சாலை மேடுகள், ரயில் கரை இவையும் நேர்கோடாகத் துருத்தி நிற்கும். பெரியதை மட்டும் கையால் மூடித் திருத்தினால் போதும். சின்னச் சின்னக் கண்மாய்க் கரையை எல்லாம் துரத்தினால் முடிவே இருக்காது, 90 மீட்டர் கட்டத்தில் அவை பெரும்பாலும் தானே மறைந்துவிடும்.

படி 5: நடைக்கு விலை வைப்பது

கிராஸில் ஆர்.வாக்.பாயிண்ட்ஸ் (r.walk.points) என்ற கருவி. அது சரிவைப் பார்த்து நடை நேரத்தை நொடிக் கணக்கில் சொல்லும். இயல்பு மதிப்புகள் 0.72, 6.0, 1.9998, -1.9998 என்று இருக்கும். 0.72 என்றால் சமதரையில் ஒரு மீட்டருக்கு 0.72 நொடி, அதாவது மணிக்கு 5 கிலோமீட்டர். 6.0 என்றால் ஒரு மீட்டர் ஏற 6 நொடி. நூறு மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம். மிதமான இறக்கத்தில் நேரம் மிச்சமாகும். 12 பாகைக்கு மேல் செங்குத்தானால் மறுபடி கூடும். நம் ஆள் கைவீசி நடக்கவில்லை, தலைச்சுமை இருக்கிறது. எனவே 0.72ஐ 0.9 ஆக மாற்றுங்கள், மணிக்கு 4 கிலோமீட்டர் வரும்.

வண்டியா, கழுதையா, தலைச்சுமையா என்பது பாதையையே மாற்றும். சங்கப் பாடல்களில் உப்பு விற்கும் உமணர் வண்டியில் வருகிறார்கள். வண்டிக்கு 8 முதல் 12 சதவீதச் சரிவே எல்லை என்று ஆய்வாளர்கள் பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். மணிக்கற்களுக்கு வண்டி தேவையே இல்லை. ஒரு மடிப்பையில் ஊரையே விலைக்கு வாங்கும் அளவு கொண்டு போகலாம். அதனால் இங்கே நடையையே எடுத்துக்கொள்வோம்.

இன்னொரு உள்ளீடு உராய்வு ராஸ்டர். ராஸ்டர் என்றால் கட்டத்துக்கு ஒரு எண் வைத்த வரைபடம்; இதில் அந்த எண், சரிவு தவிர நடையைத் தாமதமாக்கும் கூடுதல் நேரம். இதைக் கொடுக்காமல் கருவி ஓடாது. எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் வைத்த ராஸ்டர் ஒன்றைச் செய்து முதல் ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.

படி 6: சமவெளியில் சரிவு பேசாது

முதல் ஓட்டத்தின் கோட்டைப் பார்த்தால் ஒன்று உறைக்கும். மலை அருகே அது அறிவோடு வளைகிறது. மலை தாண்டியதும் ஏதோ ஒரு பக்கமாக ஓடுகிறது. மதுரைச் சமவெளியில் கிழக்கே போகப்போகச் சரிவு கிட்டத்தட்ட இல்லை. பத்துக் கிலோமீட்டர் தள்ளி நடந்தாலும் நேரம் அதேதான். அங்கே பாதையைத் தீர்மானித்தது ஏற்ற இறக்கமாக இருக்க முடியாது. தண்ணீர்தான்.

வெளிநாட்டு மலைநாடுகளுக்கு எழுதிய பயிற்சிக் கையேடுகள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அங்கே சரிவு போதும். இங்கே உராய்வு ராஸ்டரில் பருவத்தைக் கொண்டுவர வேண்டும். இரண்டு ராஸ்டர் செய்யுங்கள்.

கோடைக்கு: ஆறு, ஓடை, மலையடிச் சுனை இவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள கட்டங்களுக்கு மீட்டருக்கு 0.2 நொடி கூடுதல். ஆற்று மணலைக் கடக்க அதிகச் செலவு வேண்டாம், வைகை அப்போது வறண்டுதான் கிடக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு: தண்ணீர்த் தூரத்துக்கு அபராதம் இல்லை. ஆனால் வைகை, அமராவதி, நொய்யல் கட்டங்களுக்கு மீட்டருக்கு 3 நொடி. 90 மீட்டர் கட்டம் ஒன்றைக் கடக்க நாலரை நிமிடம் கூடும். வெள்ளம் வந்தால் அதுவும் போதாதுதான்.

இந்த எண்கள் நாமாக வைத்தவை. எனவே பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் மாறாமல் நிற்கிற பகுதி எது, ஆட்டம் காண்கிற பகுதி எது என்று தெரிந்துகொள்வதே நோக்கம்.

படி 7: கோடு வரைவது

கொடுமணல் புள்ளியிலிருந்து ஆர்.வாக்கை ஓட்டினால் இரண்டு ராஸ்டர் வரும்: சேர்ந்த நேரம் ஒன்று, திசை ஒன்று. நைட்ஸ் மூவ் (Knight's move) என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் 16 திசையிலும் பார்க்கும், கோடு கொஞ்சம் இயல்பாக வளையும். பிறகு ஆர்.பாத் (r.path) என்ற கருவியில் திசை ராஸ்டரையும் கீழடிப் புள்ளியையும் கொடுத்தால் பாதை கிடைக்கும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றல்ல, ஆகவே கீழடியிலிருந்து கொடுமணலுக்கும் தனியாக ஓட்டுங்கள்.

ஒற்றைக் கோட்டை நம்பாதீர்கள். இரு முனையிலிருந்தும் வந்த நேர ராஸ்டர்களைக் கூட்டி, மிகக் குறைந்த மதிப்பிலிருந்து 5 சதவீதத்துக்குள் வரும் கட்டங்களை மட்டும் வண்ணமிட்டால் ஒரு பட்டை கிடைக்கும். அகலமான பட்டை என்றால் நிலம் எதையும் வற்புறுத்தவில்லை என்று அர்த்தம். குறுகினால் அங்கே ஒரு கணவாய் இருக்கிறது. உயரத் தரவின் பிழையையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆர் (R) என்ற நிரல்மொழியின் லீஸ்ட்காஸ்ட்பாத் (leastcostpath) பொதிக்குப் போகலாம். தரவில் சிறு பிழைகளைத் தூவித் தூவித் திரும்பத் திரும்ப ஓட்ட அதில் வசதி உண்டு.

படி 8: சிறுமலைக்கு இடமா, வலமா?

கொடுமணலுக்கும் கீழடிக்கும் நேர்கோட்டுத் தூரம் 150 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அந்தக் கோடு நேரே சிறுமலை மீது போய் ஏறும். யாரும் அப்படிச் சுமை தூக்க மாட்டார்கள். மேற்கே சுற்றினால் திண்டுக்கல், அம்மையநாயக்கனூர், வாடிப்பட்டி வழியாக வைகைக் கரைக்கு. இன்றைய ரயிலும் நெடுஞ்சாலையும் போவது இதில்தான். கிழக்கே சுற்றினால் நத்தம், அழகர்மலை அடிவாரம்.

கணினி ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதோடு நிறுத்தாமல், அது தேர்ந்த பள்ளத்தாக்கின் குறுக்கே எண் எதுவும் இல்லாத (null) கட்டங்களால் ஒரு சுவர் எழுப்பி மறுபடி ஓட்டுங்கள். இப்போது மற்ற வழியில் போகும். இரண்டின் மொத்த நேரத்தையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் சில சதவீதமே என்றால் இரண்டுமே புழங்கியிருக்கலாம். ஒன்றைத் தூக்கிப் பிடிக்க நமக்கு உரிமை இல்லை. கோடையில் ஒன்றும் மழையில் மற்றதும் ஜெயித்தால் அதைவிடச் சுவாரசியமான முடிவு வேறில்லை.

படி 9: சாட்சி கேட்பது

மதுரை வட்டாரத்தின் பெரும் பலம் இதுதான். மேற்கு வழியருகே மேட்டுப்பட்டிச் சித்தர்மலை, விக்கிரமங்கலம், கொங்கர்புளியங்குளம். கிழக்கு வழியருகே அழகர்மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி. எல்லாம் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த குகைத்தளங்கள். அழகர்மலையில் உப்பு வணிகன், கொழு (ஏர்முனை) வணிகன், அறுவை (துணி) வணிகன் பெயர்கள் இருக்கின்றன. மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் குழு. கொடுமணல் பக்கத்து அறச்சலூரில் மணிகளைச் சோதிக்கும் ‘மணிய வண்ணக்கன்’ ஒருவனே பெயர் பொறித்திருக்கிறான்.

இவற்றைப் புள்ளிகளாக வைத்து, பாதைப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை கிலோமீட்டர் என்று அளக்க வேண்டும். ‘எல்லாம் 5 கிலோமீட்டருக்குள் வருகிறது, பார்த்தீர்களா!’ என்று துள்ளுவதற்கு முன் ஒரு சோதனை. அதே எண்ணிக்கையில் புள்ளிகளைக் கண்மூடித்தனமாகத் தூவி, அவற்றின் தூரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். தூவுவதை வயல்வெளி முழுக்கச் செய்யக்கூடாது, பாறைக்குன்று உள்ள கட்டங்களில் மட்டும் செய்ய வேண்டும். குகை குன்றில்தான் இருக்க முடியும். பாதையும் குன்றின் அடிவாரத்தை ஒட்டித்தான் வளையும். குன்றுக்குக் குன்று ஒப்பிடாவிட்டால், பாறை இருந்ததால் வந்த நெருக்கத்தைப் பாதையால் வந்த நெருக்கம் என்று தப்பாகப் படிப்போம். இந்த ஒரு சோதனையில் பாதி அழகான கோடுகள் விழுந்துவிடும். விழட்டும்.

காலத்தையும் பாருங்கள். கீழடியின் கீழ்மட்ட மாதிரி ஒன்றுக்குக் கிடைத்த கரிமக் கணிப்பு கிமு 580; குகைப் பொறிப்புகள் அதற்குப் பிந்தியவை. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் கொடும்பாளூர் அருகே மதுரைக்கு வழி மூன்றாகக் கிளைப்பதும், வலப்பக்கம் சிறுமலையும் இடப்பக்கம் திருமால்குன்றமும் (அழகர்மலை) வருவதும் படிக்கப் பரவசம்தான். அது உறையூரிலிருந்து வந்தவர்களுக்குச் சொன்ன வழி, இன்னும் பிந்தைய காலம். சிறுமலைப் பக்கமும் அழகர்மலைப் பக்கமும் ஒரே சமயத்தில் வழி இருந்திருக்கிறது என்பதற்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

மணி கிடைத்த இடங்களையும் சேருங்கள். பழனி அருகே பொருந்தல், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி இரண்டிலும் ஈமச்சின்னங்கள் தோண்டப்பட்டிருக்கின்றன. தாண்டிக்குடி மலைமேல் இருக்கிறது. நேரக் கணக்கில் எந்தப் பாதையும் அங்கே ஏறாது, ஆனால் மணிகள் ஏறியிருக்கின்றன. மிளகும் ஏலமும் இறங்கிய வழியில் மணி ஏறியிருக்கலாம் என்பது என் ஊகம். குறுக்குவழி மட்டுமே வணிக வழி இல்லை என்பதற்கு இந்த ஊரை வரைபடத்தில் பெரிய புள்ளியாக வைப்பது நல்லது.

படி 10: வெயிலில் நடப்பது

பட்டை குறுகும் இடங்களுக்கு மட்டும் போங்கள். கருப்பு-சிவப்புப் பானை ஓடு, தாழி விளிம்பு, கல்வட்டம், கல் சில்லு இவற்றைத் தேடுங்கள். மழை பெய்து ஓய்ந்த பிறகு கண்மாய்க் கரை அரிப்பிலும் ஓடை வெட்டிலும் நன்றாகத் தெரியும்.

ஊர்க்காரர்களிடம் ‘இது பழைய பாதையா?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். ஆடு மேய்க்கிற பெரியவரிடம், “ஐயா, பஸ் வர்றதுக்கு முன்னாடி நத்தம் சந்தைக்கு மாட்டை எந்தப் பக்கமா ஓட்டிட்டுப் போவீங்க? ராத்திரி எங்க தங்குவீங்க, தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?” என்று கேளுங்கள். மாடு நின்ற சுனையும் தங்கிய மந்தையும் பேச்சில் தானாக வரும். பாண்டவர் குழி, பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊரில் சொல்லும் இடங்களையும் கேட்டுக் குறியுங்கள். முதலாவது பெரும்பாலும் ஈமச்சின்னம், இரண்டாவது குகைத்தளம்.

எதையும் எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தை விட்டுப் பிரிந்த மணி, ஆய்வுக்கு வெறும் மணி. அளவுகோலோடு படம் எடுத்து, இருப்பிட எண்ணைக் குறித்து, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குத் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இன்றும் நடப்பில் உள்ளவை. சிறுமலை, அழகர்மலைக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

வரைபடத்தை வெளியிடும்போது எந்த உயரத் தரவு, எத்தனை மீட்டர் கட்டம், நடை மதிப்புகள் என்ன, உராய்வு எண்கள் என்ன, எந்தப் பருவம் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். இன்னொருவர் அதே எண்களை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிதாகத் தெரியவந்த இடங்களின் துல்லியமான இருப்பிடத்தை மட்டும் பொதுவில் போடாமல், கிராமப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணலுக்கும் புதையலுக்கும் தோண்டுகிறவர்களும் வரைபடம் பார்க்கிறார்கள்.